‘விசாரணை’ காட்டாத சிறை

உண்மைச் சம்பவங்களை ஒட்டி எடுக்கப்படும் குற்றப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெற்றிமாறனின் ‘விசாரணை’ படத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தன. இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

நீங்கள் பல ஆண்டுகள் குற்றவியல் வழக்குகள் நடத்தியவர். ‘விசாரணை’ படத்தின் பலம் எது, பலவீனம் எது? ஒளிக்காமல் சொல்லுங்கள். (ஈரோடு வாசகர்)

பலம், முதல் பாதி. கதை நாயகன் பாண்டி, ஆந்திராவின் குண்டூரில் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் தமிழன். தங்க இடமில்லாமல் கூட்டாளிகளோடு பூங்காவில் படுத்துக்கொள்கிறான். ஒரு பெரிய திருட்டு வழக்கில் ஆள் சிக்காத போலீஸ் இவர்களை அள்ளிக்கொண்டு போகிறது. ‘ஒப்புக்கொள்’ என்று அடி விழுகிறது. எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் பிறகுதான் தெரிகிறது. மேலே பேசுகிற தெலுங்கு பாதி புரியும், பாதி புரியாது. அடுத்து எந்தக் கதவு திறக்கும் என்று காலடிச் சத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உள்ளே கிடந்த ஒருவர் சொல்லாமல் இதையெல்லாம் படம் பிடித்திருக்க முடியாது.

சொன்னவர் மு. சந்திரகுமார். கோவையில் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோ சந்திரன் என்றால் பலருக்குத் தெரியும். 1983-ல் குண்டூரில் தனக்கும் நண்பர்களுக்கும் நடந்ததை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் இத்தாலியக் கிளை தரும் விருதை வாங்கியது. 2016 பிப்ரவரியில் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. சமுத்திரக்கனிக்கும், படம் வெளிவருமுன்பே மறைந்துவிட்ட படத்தொகுப்பாளர் கிஷோருக்கும் தேசிய விருது கிடைத்தது. அத்தனைக்கும் தகுதியான படம்.

பலவீனத்துக்கு வருகிறேன். படத்தில் இவர்களை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். வேறு வேலையாகக் குண்டூர் வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் இவர்கள் பேசுவதை மொழிபெயர்க்கிறார். நீதிபதி காதுகொடுத்துக் கேட்கிறார், விடுதலை. திரையரங்கில் எல்லாரும் பெருமூச்சு விட்ட இடம் அது. சந்திரகுமாருக்கு அப்படி ஒரு முத்துவேல் வாய்க்கவில்லை. லாக்கப் அடிக்குப் பிறகு அவர் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். அந்த மாதங்கள் படத்தில் இல்லை.

எனக்கு இதுதான் பெரிய இழப்பு. அடி நாலைந்து நாளில் நிற்கும். ஒன்றும் செய்யாத ஏழையை நம் நாட்டில் உண்மையில் தண்டிப்பது விசாரணைக் கைதியாகக் கழியும் காலம். நம் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும். அவர் ரேஷன் கார்டோடும் சொத்து வரி ரசீதோடும் வந்து நிற்க வேண்டும். வேற்று மாநிலத்துக்குக் கூலி வேலைக்குப் போனவனுக்கு அங்கே யார் ரசீதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? 1978-ல் மோதி ராம் வழக்கில் இந்தக் கொடுமையைத்தான் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதோடு, ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டிருந்தது. அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் சந்திரகுமார் குண்டூரில் பிடிபட்டார். இவ்வளவும் ‘லாக்கப்’ காலத்துக் கதைக்கு உள்ளேயே கிடந்த பொருள். படம் அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாம் பாதி கற்பனை என்கிறார்களே? அப்படியானால் ‘உண்மைக் கதை’ என்று சொல்வது ஏமாற்று இல்லையா? (தென்காசி வாசகர்)

நாவலில் இல்லாதது என்பது சரி. ஆடிட்டர் கே.கே.யைக் கடத்துவது, அவர் போலீஸ் காவலில் இறப்பது, அதை மூடிமறைக்க நடக்கும் கொலைகள் எல்லாம் வெற்றிமாறன் சேர்த்தவை. ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். முதல் பாதியோடு படம் முடிந்திருந்தால் நாம் என்ன நினைத்திருப்போம்? ‘ஆந்திர போலீஸ் அப்படித்தான், நம் முத்துவேல் போன்ற நல்லவர் ஒருவர் வந்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டுக்குப் போயிருப்போம். அந்த நல்லவரே நம் ஊர் ஸ்டேஷனில் என்ன செய்யச் சம்மதிக்கிறார், சம்மதிக்காதபோது அவருக்கு என்ன ஆகிறது என்று காட்டியதால்தான் தெலுங்கர், தமிழர் என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. வெற்றிமாறன் அதைச் சேர்த்த காரணம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன்.

ஆனால் அங்கே படத்தின் கை தளர்கிறது. குண்டூர் ஸ்டேஷனில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கனம் இருந்தது. சென்னைக் காட்சிகளில் அதிகாரிகள் தங்கள் சதியை ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்காகச் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது. பார்த்து எழுதியதற்கும் யோசித்து எழுதியதற்கும் உள்ள தூரம் அது.

இதைவிட எனக்கு ஆறாதது முடிவு. பாண்டியும் நண்பர்களும் என்கவுன்டரில் செத்துப்போகிறார்கள். நிஜத்தில் சந்திரகுமார் சாகவில்லை. ஊர் திரும்பி, ஆட்டோ ஓட்டி, பேனா எடுத்து, நடந்ததை எழுத்தில் வைத்தார். போலீஸ் எதிர்பார்க்காதது அதுதான். அடிபட்டவன் வாயை மூடிக்கொண்டு போவான் என்பதை நம்பித்தான் ஒவ்வொரு லாக்கப்பும் நடக்கிறது. வாயைத் திறந்த ஒருவரின் கதையை எடுத்து, அவரைத் திரையில் கொன்றுவிட்டால், பார்க்கிறவர் மனத்தில் ‘அவர்களை எதிர்த்து ஒன்றும் ஆகாது’ என்பதுதான் தங்கும். என்னிடம் வந்த பல குடும்பங்கள் புகார் கொடுக்க மறுத்தது இந்த ஒரு நினைப்பால்தான். அதை இன்னும் கொஞ்சம் உரமாக்குகிற முடிவு என்பதால் எனக்கு அதனோடு சண்டை.

அடிக்கும் காட்சிகளைப் பார்க்க முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இவ்வளவு தேவைதானா? (திருவாரூர் வாசகி)

எழுந்து வந்ததில் தவறே இல்லை, அம்மா. ஆனால் தேவையா என்றால், தேவை. போலீஸ் நாயகன் சந்தேகப்பட்டவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிக்க, அரங்கம் விசிலடிக்கிற படங்களை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம்? அவையும் இதே அடிதான். அங்கே அடிக்கிறவன் பக்கம் நின்று பார்க்கிறோம், அடி வலிப்பதில்லை. இந்தப் படம் நம்மைத் தரையில், அடிபடுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது பதறிய நாம், அதற்கு முந்தைய வாரம் வரை எந்தப் படத்துக்குக் கைதட்டினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் குறை வேறு. அந்த ஸ்டேஷனுக்கு வெளியே யாருமே இல்லை. நான் பார்த்த எந்த ஸ்டேஷன் வாசலும் அப்படி இருந்ததில்லை. வேப்பமரத்தடியில் ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள். மடியில் சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு சட்டை. ‘அப்படி யாரையும் இங்கே கொண்டுவரவில்லை’ என்று மூன்று பேர் மூன்று முறை சொல்லியிருப்பார்கள். உள்ளேயிருந்து இருமல் கேட்டால் அது தன் மகனுடையதா என்று தலையைத் திருப்புவாள். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதித்தது இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான். படம் 1983 கதையை செல்போன் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்படியென்றால் இந்த விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு நடக்கும் கதை அது. விதி மீறப்படுகிறது என்பதைக்கூட அது தொட்டுக் காட்டவில்லை.

போலீசிடம் ‘ஆமாம், நான்தான் திருடினேன்’ என்று அடி தாங்காமல் சொல்லிவிட்டால் தண்டனை உறுதியா? படத்தைப் பார்த்ததிலிருந்து இந்தப் பயம். (வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

உறுதி இல்லை, தம்பி. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 23-ஆம் பிரிவு. பிறகு ஏன் அடிக்கிறார்கள்? ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகும். ஆகவே வாக்குமூலத்தோடு ஒரு நகையோ பணமோ ‘கண்டெடுக்கப்படும்’. எடுத்த இடத்தில் இருந்த சாட்சிகள் யார், அவர்கள் இதற்கு முன் எத்தனை வழக்கில் சாட்சியாக வந்தவர்கள் என்று குறுக்கு விசாரணையில் துருவுவதுதான் எங்கள் வேலை.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழியும். இது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. அங்கே நடுவர் ‘போலீஸ் அடித்தார்களா?’ என்று கேட்பார். நான் பார்த்தவர்களில் பலர் பதில் சொல்வதற்கு முன், பக்கத்தில் நிற்கும் காவலரைத்தான் பார்ப்பார்கள். பிறகு ‘இல்லைங்க’ என்பார்கள். நடுவர் எழுதிக்கொள்வார், அடுத்த கோப்பு வரும். நல்ல நடுவர் என்றால் காவலர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்வார். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்லுங்கள்; எங்கே அடி, எதனால், எந்த நாள் என்று சொல்லுங்கள். அது பதிவாக வேண்டும். மருத்துவரிடமும் அதையே சொல்லுங்கள். ஸ்டேஷன்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வழக்கறிஞர் மூலம் உடனே மனுப் போட வேண்டும். தாமதித்தால் அழிந்துவிட்டது என்பார்கள்.

படத்தை முதலில் பார்ப்பதா, நாவலை முதலில் படிப்பதா? (கடலூர் வாசகி)

நாவலை. அதைப் படித்தவர் படத்தின் முதல் பாதியைப் பார்க்கும்போது, எதை எவ்வளவு நேர்மையாக எடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். பிறகு படம் எந்த இடத்தில் நாவலை விட்டு விலகுகிறது என்று நீங்களே குறித்துக்கொண்டு, விலகியது சரியா என்று எனக்கு எழுதுங்கள்.