வீட்டில் எச்.ஐ.வி சோதனை: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சுன்னாகம்): ஒராகுயிக் வாய்வழிக் கிட் கிடைச்சிருக்கு. பிழை விட்டிடுவன் எண்டு பயமாக் கிடக்கு. எப்பிடிச் செய்யிறது?

பதில்: சோதனைக்கு முந்திய 15 நிமிடம் ஒன்றும் சாப்பிடாதேங்கோ, குடிக்காதேங்கோ. பல் தீட்டியிருந்தாலோ வெற்றிலை போட்டிருந்தாலோ வாயை அலசி அரை மணித்தியாலம் விடுங்கோ. முதலில் குப்பியைத் திறந்து தாங்கியில் நிறுத்துங்கோ. உள்ளே இருக்கிற திரவத்தை ஊற்றக்கூடாது, வாயில் வைக்கவும் கூடாது. பிறகு கருவியை எடுத்து, தட்டையான முனையில் விரல் படாமல் மேல் முரசில் ஒருமுறை, கீழ் முரசில் ஒருமுறை, ஒரு கரையில் இருந்து மறு கரை வரை இழுங்கோ. நாக்கிலும் கன்னத்திலும் தேய்த்து எச்சில் எடுப்பது பிழை. இந்தக் கிட் தேடுவது முரசோரம் கசியும் நீரில் உள்ள பிறபொருளெதிரிகளைத்தான், அதாவது எச்.ஐ.விக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருள்களைத்தான். முனை அடியில் முட்டும்படி குப்பிக்குள் விட்டு, மணிக்கூட்டைப் பாருங்கோ. 20 நிமிடத்துக்கும் 40 நிமிடத்துக்கும் இடையில் மட்டும் வாசிக்க வேணும். அதற்கு முதல் ஓடுகிற இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்துப் பதறாதேங்கோ. 40 தாண்டினால் அந்த முடிவை நம்பேலாது.

கருவியில் 'சி' (C) கோடு மட்டும் வந்தால் எதிர்வினை இல்லை, அதாவது அந்தப் பிறபொருளெதிரி தென்படவில்லை. 'சி', 'ரி' (T) இரண்டும் வந்தால் எதிர்வினை உண்டு. 'ரி' எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். 'சி' வராவிட்டால் சோதனை செல்லாது, புதுக் கிட் வேணும். வேறு வகைக் கிட் என்றால் அதன் தாளில் உள்ள நேரத்தைப் பின்பற்றுங்கோ.

கேள்வி (நெல்லியடி): கிட்டை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன். பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். 2 முதல் 30 பாகை வரைதான் அதைச் சேமிக்கலாம். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி அதைவிட எவ்வளவோ சூடாகும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறையவிடக்கூடாது. எடுத்தவுடன் பாவிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கோ.

கேள்வி (குருநகர்): முந்தநாள் இரவு ஆணுறை கிழிஞ்சு போச்சு. நாளைக்குச் சோதிச்சால் தெரியுமோ அண்ணை?

பதில்: தெரியாது. இப்ப வேண்டியது கிட் இல்லை, மருந்து. தொற்றைத் தடுக்கும் அவசரக் குளிசைகளை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேணும். எவ்வளவு முந்தித் தொடங்கிறீங்களோ அவ்வளவு நல்லம். இதை வாசித்து முடிக்க முதலே போதனா வைத்தியசாலைக்கு வெளிக்கிடுங்கோ. பாலியல் நோய்க் கிளினிக் பூட்டியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்ததைச் சொல்லுங்கோ.

சோதனையைப் பொறுத்தவரை, வாய்வழிக் கிட்டின் 'இல்லை'யை நம்ப, கடைசி ஆபத்து நடந்து மூன்று மாதம் கழிய வேணும். நாளத்தில் குருதி எடுத்து, பிறபொருளெதிரியோடு வைரசின் பகுதியையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள் போதும். ஆனால் அந்தக் குளிசை எடுத்தவர்களுக்கு நாள்க்கணக்கு மாறும். வைத்தியரே திகதி தருவார்.

கேள்வி (பெயர் வேண்டாம்): 'ரி' வந்திட்டுது. நான் முடிஞ்சுதா?

பதில்: இல்லை, தம்பி. ஒரு கிட் மட்டும் நோயை உறுதிப்படுத்தாது. இலங்கையில் வயதுவந்தோரிடையே தொற்று 0.1 வீதத்துக்கும் குறைவு. இப்படியான இடத்தில் வருகிற கோடுகளில் சில பொய்யாகவும் இருக்கும். பாலியல் நோய்க் கிளினிக்கில் உறுதிப்படுத்தும் பரிசோதனை இலவசம், வேறு வைத்தியரின் துண்டு தேவையில்லை. அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம், குருதிதானமும் வேண்டாம். உறுதியானாலும் சிகிச்சை இலவசம். ஒழுங்காக மருந்து எடுத்துக் குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி நின்றால், உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இன்றிரவு தனிய இருக்காதேங்கோ, நம்பிக்கையான ஒருவரோடு கதையுங்கோ.

கேள்வி (சாவகச்சேரி): ஆண்களோட உறவு எண்டு கிளினிக்கில சொன்னால் பொலிசுக்குப் போகுமோ?

பதில்: ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வைத்தியர் அதைக் கேட்பது சிகிச்சைக்காக. தொண்டை, மலவாசல் ஆகிய இடங்களில் கொனோரியா இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை காட்டாது. எங்கே மாதிரி எடுப்பது என்று தெரிய உண்மை வேணும்.

கேள்வி (கோண்டாவில்): மற்றவையோட ஊசி மாறிப் போட்டது உண்டு. கிட் 'இல்லை' எண்டு காட்டினது.

பதில்: மூன்று மாதம் கழிந்திருந்தால் எச்.ஐ.விக்கு நல்ல செய்தி. ஈரல் அழற்சி பி, சி இரண்டையும் அது பார்க்காது, சிபிலிசையும் பார்க்காது. அவற்றுக்குக் குருதி கொடுங்கோ.

கேள்வி (மானிப்பாய்): ஏற்கனவே எச்.ஐ.வி மருந்து எடுக்கிறன். மாறிட்டுதோ எண்டு கிட்டில பார்க்கலாமோ?

பதில்: வேண்டாம். மருந்தினால் கோடு வராமலே போகலாம்; அதை நம்பி மருந்தை நிறுத்தினால் வைரசு திரும்ப ஏறும். உங்களுக்கு உரியது வைரசின் அளவு பார்க்கும் பரிசோதனை, அதைக் கிளினிக்கில் கேளுங்கோ.