கட்டாரில் இருந்து தலகணி வரட்டுமா?

கேள்வி: அக்கா, எனக்கு இது ரெண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். மல்லாந்து படுக்க வேணாம், ஒருக்களித்துப் படுங்க என்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொன்னா. அப்படிப் படுத்தால் ஒரு மணித்தியாலத்தில் இடுப்பெலும்பு நோகத் தொடங்குது. கட்டாரில் இருக்கிற என் கணவர் போனில் பெரிய யு வடிவத் தலகணி ஒன்றைக் காட்டி, கார்கோவில் போட்டுவிடவா என்று கேட்கிறார். உள்ளே மெமரி ஃபோமாம். எங்கட கட்டிலில் நாலு வயது மகனும் என்னோடதான் படுக்கிறான். வாங்கலாமா?
— அக்கரைப்பற்று வாசகி

பதில்: ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்க தங்கச்சி. அந்த ஒரு கிழமையில் வீட்டில் இருக்கிற தலகணிகளை வைத்து உங்கள் உடம்பு எந்த இடத்தில் தாங்கு கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் வாங்கலாம். எங்கே நோகிறது என்று தெரியாமல் வாங்கும் தலகணி, அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி.

முதலில் முழங்கால். கிட்டத்தட்ட எல்லாருமே பிழை விடுவது இங்கேதான். ஒரு சின்னத் தலகணியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் செருகிவிட்டு, பாதத்தைத் தொங்க விட்டுவிடுகிறோம். மேல்கால் பாதம் கீழே சரிந்தால் தொடை உள்ளே முறுகும். நோவு அப்படியே இருக்கும். தலகணி முழங்காலில் தொடங்கிக் கணுக்கால் வரை போக வேண்டும். ஒரு தலகணி எட்டாவிட்டால் ஒரு பெட்ஷீட்டை இறுக்கமாகச் சுருட்டி அதற்குக் கீழே வையுங்கள். மேல்கால் கட்டிலுக்குச் சமாந்தரமாக நின்றால் சரி.

அடுத்தது வயிறு. ஒரு துவாயை நாலாக மடித்து, வயிறு கட்டிலைத் தொடும் இடத்தில் மெல்லச் செருகுங்கள். வயிற்றைத் தூக்கக் கூடாது, தாங்கினால் போதும். மூன்றாவது முதுகு. பின்பக்கம் இறுக்கமான ஒரு சுருள் இருந்தால், நித்திரையில் மல்லாந்து விழ நினைத்தாலும் பாதியில் அது தடுத்துவிடும். தலைக்கு வைப்பது உங்கள் காதுக்கும் தோள் முனைக்கும் இடையிலுள்ள உயரத்தை நிரப்ப வேண்டும். மெலிந்த பழைய தலகணியில் ஒருக்களித்தால் கழுத்து கீழே ஒடிந்து நிற்கும். காலையில் வரும் தோள் நோவுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

உங்களுக்கு நோவது இடுப்பெலும்பு என்றால் மெத்தையையும் ஒருக்கால் பாருங்கள். பலகைக் கட்டிலில் இரண்டு அங்குல ஸ்பொஞ்ச் மெத்தை போட்டிருந்தால், எந்தத் தலகணியாலும் அந்த எலும்புக்கு உதவ முடியாது. இடுப்பு படும் இடத்தில் ஒரு தடித்த போர்வையை மடித்து விரித்துப் பாருங்கள்.

இனி அந்த யு. அதில் ஒரு நல்ல விசயம் உண்டு. வயிறும் முதுகும் இரண்டு பக்கமும் அணைவதால், திரும்பிப் படுக்கும்போது தலகணியை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கும், இடுப்பின் முன்னெலும்பு நோவால் புரளவே முடியாதவர்களுக்கும் அது உண்மையாகவே உதவும். ஆனால் அதன் அகலமே இரண்டரை அடி வரை வரும். உங்கள் கட்டில் நாலடி என்றால் மகன் எங்கே படுப்பான்? இரவில் மூன்று தரம் எழும்பிப் போகும்போது அந்த அணைக்கட்டை ஏறிக் கடக்க வேண்டும், நுளம்பு வலையும் கிடக்கும். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏசி அறைக்கு அது பரவாயில்லை. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் நம்ம ஊர்ப் பக்கம் வீட்டில் ஒரு ஃபேனுக்குக் கீழே அதைக் கட்டிக்கொண்டு படுத்தால் அவிந்துபோவீர்கள். கப்பல் கார்கோ வந்து சேரும் நாட்களையும் உங்களுக்குச் சொல்லியிருக்கும் திகதியையும் கூட்டிப் பாருங்கள். தலகணிக்கு முன்னால் பிள்ளை வந்துவிடலாம்.

என் தீர்ப்பு: இங்கேயே இரண்டு நல்ல சாதாரணத் தலகணியும் நீளமான உருளைத் தலகணி ஒன்றும் வாங்குங்கள். பிள்ளை பிறந்த பிறகும் அவை வீட்டில் பயன்படும்.

கேள்வி: திரும்பிப் படுக்கும்போது எழும்பி இருந்துதான் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கொடி சுற்றும் என்கிறா மாமி. இடது பக்கம் மட்டும்தான் படுக்கலாம் என்றும் சொல்றா. ராத்திரி முழுக்க ஒரே பக்கம் கிடந்து கை மரத்துப் போகுது.
— வாழைச்சேனை

பதில்: நீங்கள் புரள்வதால் கொடி சுற்றாது, பிள்ளை உள்ளே அசைவதால் சுற்றுவது. ஆனாலும் மாமி சொன்னதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றி நிதானமாகத் திரும்பினால் இடுப்புக்கு நல்லது.

மல்லாந்து படுப்பதைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாரமான கர்ப்பப்பை முதுகெலும்புக்கு வலப்பக்கமாகப் போகும் பெருஞ்சிரையை அமர்த்துவதால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. 2011இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் செய்த ஆய்வு தாய் படுக்கும் விதத்தைக் கவனிக்க வைத்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வெளிவந்த பகுப்பாய்வில், 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து நித்திரைக்குப் போனவர்களிடம் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கை மரத்தால் மற்றப் பக்கம் திரும்புங்கள். நடுச்சாமத்தில் விழித்துப் பார்க்க மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுங்கள், அவ்வளவுதான். நெஞ்செரிவு இருந்தால் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் சுகமாக இருக்கும்.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதம். வளவில் இலவமரம் நிற்குது, பஞ்சும் சாக்கில் இருக்கு. கடைத் தலகணி வேணாம், நானே தைக்கலாமா?
— களுவாஞ்சிக்குடி தாய்

பதில்: தாராளமாகத் தையுங்கள் அம்மா. நம்ம வெக்கைக்கு இலவம் பஞ்சு கடை ஃபைபரை விடக் குளிர்ச்சி என்பது என் அனுபவம். இரண்டாவது மகனைச் சுமந்தபோது உம்மம்மா தைத்த ஒரு நீளத் தலகணியோடுதான் கடைசி மூன்று மாதமும் கிடந்தேன்.

நீளம் மகளின் தோளிலிருந்து கணுக்கால் வரை, சுற்றளவு இரண்டடி. உள்துணி நெருக்கமாக நெய்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு கசிந்து மூக்கில் ஏறும். வெளியுறைக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சாரம் ஒன்றைப் பிரித்தால் போதும். வேர்வையை உறிஞ்சும், கழுவக் கழுவ மெதுவாகும். கொட்டையை எல்லாம் நீக்கிவிட்டு, வெயிலில் போட்டு, பஞ்சை விரலால் பிரித்துப் பிரித்து நிரப்புங்கள். அடைத்துத் திணித்தால் மரக்குற்றி மாதிரி ஆகிவிடும். நிரப்பி முடித்து நடுவில் மடித்துப் பாருங்கள்: எளிதாக மடிந்து, விட்டவுடன் மெல்ல நிமிர வேண்டும். மகளுக்கு இழுப்பு இருந்தால் பஞ்சு பிரிக்கும் நேரம் அவவை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பஞ்சைத் தண்ணீரில் போடக் கூடாது, கட்டி கட்டியாகிவிடும். உறையை மட்டும் கழுவி, தலகணியைக் கிழமைக்கு ஒருக்கால் வெயிலில் காட்டுங்கள். மாரியில் வெயில் இல்லாத நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண மணம் வந்தால் பஞ்சைக் கொட்டிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

கேள்வி: கல்முனையில் ஒரு கடையில் ‘ஃபைபர்’ என்று சொல்லித் தந்த தலகணி பத்து நாளில் சப்பையாகிவிட்டது. பிரித்தால் உள்ளே கண்ட ஸ்பொஞ்ச் துண்டும் ரெஜிஃபோம் உருண்டையும். கடைக்காரர் மாற்ற மாட்டேன் என்கிறார்.
— நிந்தவூர்

பதில்: பில் இருக்கிறதா? கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தந்ததுதான் உங்கள் முறைப்பாடு, சப்பையானது இல்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். பிரித்த தலகணியை எறியாமல், உள்ளே இருந்ததைப் படம் எடுத்து வைத்து, இன்னொரு தரம் கடைக்குப் போய் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். எழுத்து முறைப்பாடு என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த முறை கடையிலேயே சிப்பைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். சிப் இல்லாத தலகணியை நான் வாங்குவதே இல்லை. துண்டு ஸ்பொஞ்ச் விரலுக்கு நறநற என்று தெரியும், ரெஜிஃபோம் உருண்டை அமர்த்தும்போது சத்தம் போடும். பிறகு முழங்காலால் அரை நிமிடம் அமர்த்தி எடுத்துப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் வையுங்கள் அங்கேயே.

கேள்வி: எட்டு மாதம். மூன்று தலகணி வைத்தும் நித்திரை இல்லை. இரவானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் கடிக்குது, சொறி ஒன்றும் இல்லை. நான்காவது வாங்கவா?
— ஏறாவூர்

பதில்: வேண்டாம். இது கடைக்குப் போகிற விசயமே இல்லை. கர்ப்பத்தில் ஈரல் பித்தத்தை ஒழுங்காக வெளியேற்றாதபோது இப்படிக் கடி வரும். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நாளைக்கே கிளினிக் கார்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நோவது, கண் மங்கலோடு தலையிடி, பிள்ளையின் துடிப்புக் குறைவது, இவற்றுக்கும் அப்படித்தான், இரவென்றும் பார்க்க வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

கேள்வி: பிள்ளை பிறந்த பிறகு அந்த வளைவுத் தலகணிக்குள்ளேயே பிள்ளையைப் படுக்க வைக்கலாமா?
— காத்தான்குடி

பதில்: கூடாது. பால் கொடுக்கும்போது உங்கள் கைக்குக் கீழே வைக்கலாம், நீங்கள் விழித்திருக்கும்வரை. பிள்ளை நித்திரை கொள்வது சமமான, இறுக்கமான விரிப்பில், மல்லாந்து, பக்கத்தில் எந்தத் தலகணியும் இல்லாமல். மெத்தென்ற விளிம்பில் முகம் புதைந்தால் பச்சைப் பிள்ளையால் தலையைத் திருப்ப முடியாது. உங்களுக்கு மல்லாந்து படுக்க வேண்டாம் என்றோம், பிள்ளைக்கு மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்கிறோம். இரண்டும் சரிதான்.