கணினி கேள்வி – பதில்: அப்டேட்டுக்குப் பின் முடங்கிய லினக்ஸ்

கேள்வி: மேலூரில் திருமண அழைப்பிதழ் அச்சிட்டுத் தரும் கடை நடத்துகிறேன். உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை வைத்து வடிவமைக்கிறேன். புதிய பதிப்புக்காக வெளியார் பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே உள்ளவர்கள் மென்பொருள்களை வழங்கும் களஞ்சியம்) ஒன்றைச் சேர்த்து அப்டேட் செய்தபோது மின்சாரம் போய்விட்டது. அதன்பின் இங்க்ஸ்கேப் திறக்கவில்லை; வேறு எதையும் நிறுவவும் முடியவில்லை. மதுரையில் ஒரு கடையில் காட்டியதற்கு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார்கள். ஆவணி முகூர்த்த வேலைகள் கையில் இருக்கின்றன. பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும். கணினியே திறக்காத நிலை வந்தாலொழிய, ஒரு மென்பொருளுக்காக எல்லாவற்றையும் அழிப்பது தேவையற்ற வேலை. முதலில் அழைப்பிதழ்க் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் டிபிகேஜி என்ற நிறுவல் கருவி ஒரு தொகுப்பை (மென்பொருளின் நிறுவல் கோப்பை) நிறுவும்போது கோப்புகளைப் பிரித்து உரிய இடங்களில் வைத்துவிட்டு, அதன் பிறகே அமைவுகளைச் செய்து முடிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே மின்சாரம் நின்றால் தொகுப்பு அரைகுறையாக நின்றுவிடும். அதை முடிக்கும்வரை, தொகுப்புகளைத் தரவிறக்கி டிபிகேஜியிடம் தரும் ‘ஆப்ட்’ கருவி அடுத்த வேலையைச் செய்யாது. எனவே டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ (sudo dpkg --configure -a) என்ற கட்டளையையும், அது முடிந்ததும் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ (sudo apt --fix-broken install) என்பதையும் கொடுங்கள். இரண்டாவது கட்டளை சில தொகுப்புகளை நீக்கப்போவதாகப் பட்டியல் காட்டினால் அதை நிதானமாகப் படியுங்கள். அதில் ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ போன்ற பெயர் இருந்தால் ‘ஒய்’ அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள். ‘ஃபோர்ஸ்’ என்று தொடங்கும் விருப்பங்களைச் சேர்த்துப் பார்க்கும்படி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அவை சார்புகள் (ஒரு தொகுப்பு இயங்கத் தேவைப்படும் பிற தொகுப்புகள்) போன்றவற்றின் சோதனைகளைத் தாண்டி நிறுவி, சிக்கலை இன்னும் ஆழமாக்கக்கூடும்.

இனிப் பதிப்பை இறக்கலாம். ‘ஆப்ட் பாலிசி இங்க்ஸ்கேப்’ (apt policy inkscape) என்று கேட்டால், இப்போது உள்ள பதிப்பு எது, எந்தெந்த இடத்தில் எந்தெந்தப் பதிப்பு கிடைக்கிறது என்பதைக் காட்டும். உபுண்டு 22.04 தன்னுடன் தருவது 1.1.2 பதிப்பு. பிபிஏ வழியாக இங்க்ஸ்கேப் மட்டுமல்லாமல் அது சார்ந்திருக்கும் நூலகங்களும் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புகளும்) உயர்ந்திருக்கக்கூடும் என்பதால், இங்க்ஸ்கேப்பை மட்டும் இறக்க முயன்றால் சார்புகள் பொருந்தவில்லை என்ற பிழை வரலாம். ஆகவே ‘பிபிஏ-பர்ஜ்’ (ppa-purge) என்ற கருவியை நிறுவி, அந்தப் பிபிஏவின் பெயரைக் கொடுத்து இயக்குவதே நல்லது. அது பிபிஏவை முடக்கி, அதிலிருந்து வந்த தொகுப்புகளை உபுண்டுவின் பதிப்புகளுக்கே திருப்பிவிடும். அதன்பின் தொகுப்பை ‘ஹோல்டு’ செய்து (அப்டேட் ஆகாமல் நிறுத்தி) வைக்கத் தேவையில்லை. ஹோல்டு செய்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும்.

தொகுப்புகளோடு வரும் நிறுவல் நிரல்கள் பதிப்பை உயர்த்துவதை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆகவே இறக்குவதைத் தேவையான தொகுப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறிப்பாக ‘லிப்சி6’ (libc6) என்ற அடிப்படை நூலகத்தைத் தொடவே கூடாது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதை நம்பியே ஓடுகின்றன. அப்டேட் செய்த அன்று என்னென்ன மாறின என்பது ‘/வார்/லாக்/ஆப்ட்’ (/var/log/apt) ஃபோல்டரிலுள்ள ‘ஹிஸ்டரி.லாக்’ (history.log) கோப்பில் பழைய, புதிய பதிப்பு எண்களோடு இருக்கும்.

உங்கள் தொழிலுக்கு முக்கியமான ஒன்று: ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கும் வசதி இங்க்ஸ்கேப் 1.2-இல்தான் வந்தது. புதிய பதிப்பில் அப்படி அமைத்த அழைப்பிதழ் ஏதேனும் இருந்தால், 1.1.2 அதைப் பல பக்கங்களாகக் காட்டாது. அச்சுக்கு அனுப்புமுன் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு என் உபுண்டு மடிக்கணினியில் வைஃபை வரவில்லை. கர்னலை (வன்பொருளை இயக்கும் மையப் பகுதியை) பழைய பதிப்புக்கு இறக்குவது எப்படி? (வாசகர், திருமங்கலம்)

பதில்: இறக்க வேண்டியதில்லை. உபுண்டு வழக்கமாக முந்தைய கர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது ‘எஸ்கேப்’ விசையை அழுத்தி, வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிட்டால் கோளாறு புதிய கர்னலில்தான். அடுத்த கர்னல் அப்டேட் வரும்வரை பழையதிலேயே இயக்குங்கள். அதுவரை, தேவையற்றதாகக் கருதும் தொகுப்புகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையைக் கொடுக்காதீர்கள்.