பழவேற்காடு ஒரு நாள் பயணம்: படகில் ஏறுமுன் சில கேள்விகள்

சென்னைக்கு வடக்கே உள்ள ஏரிக்கரை ஊர்களுக்கு வார இறுதிகளில் சிறு குழுக்களைக் கூட்டிப் போவது என் வழக்கம். அதனால் பொங்கல் நெருங்கினாலே கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பொன்னேரி, பழவேற்காடு, சூலூர்பேட்டை ஆகிய ஊர்களைப் பற்றியவைதான் அதிகம்.

அண்ணா, காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பிவிட முடியுமா? மாமியாருக்கு எழுபது வயது, அவரும் வருகிறார். (வேளச்சேரி)

தாராளமாக முடியும். ஆனால் எல்லா ஊரையும் ஒரே நாளில் அடக்க நினைக்காதீர்கள். பழவேற்காடு ஏரி சுமார் 60 கி.மீ. நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு நுனிதான் நம்முடையது. ஏரியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமென்றால் நெடுஞ்சாலைக்குத் திரும்பி வந்து சுற்றித்தான் போக வேண்டும். பெரியவர்கள் வந்தால் பழவேற்காடு மட்டும் போதும். செங்குன்றம், காரனோடை தாண்டி தச்சூர் கூட்ரோட்டில் வலது பக்கம் திரும்பினால் பொன்னேரி, அதன்பிறகு திருப்பாலைவனம், அப்புறம் பழவேற்காடு. காலை ஆறு மணிக்குள் செங்குன்றத்தைத் தாண்டிவிடுங்கள். அதன் பிறகு லாரிகள் ஆரம்பித்துவிடும்.

இளவட்டங்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் முதலில் நேராகச் சூலூர்பேட்டை போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பழவேற்காட்டுக்கு வரலாம். அலைச்சல் அதிகம்தான், நாள் சரியாக இருக்கும்.

கைடு சுற்றுலா என்று ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களே, நாமே வண்டி எடுத்துக்கொண்டு போனால் ஆகாதா? (கொரட்டூர்)

ஆகும். பறவை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்குக் கைடே வேண்டாம், ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். பழவேற்காட்டு ஊருக்குள்தான் ஆள் தேவைப்படும். அங்கே பார்க்க வேண்டியவை பலகை போட்டு வரிசையாக இல்லை. சந்துக்குள், முள் புதருக்குள், பள்ளிவாசல் முற்றத்தில் என்று சிதறிக் கிடக்கும். விவரம் தெரிந்தவர் இல்லையென்றால் கடற்கரையில் செல்ஃபி எடுத்துவிட்டு, 'இங்கே என்ன இருக்கு?' என்று சலித்துக்கொண்டு திரும்புவீர்கள்.

பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஊரைப் பற்றிப் பேசப்போவது யார், அந்த ஊர்க்காரரா? படகு உண்டு என்றால் யாருடைய அனுமதியில்? இரண்டாவது கேள்விக்கு 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

படகுச் சவாரிக்காகத்தான் நாங்கள் கிளம்புவதே. அதைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள். (தாம்பரம்)

விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அங்கே படகு விடுவதில் கெடுபிடி வந்துவிட்டது. கரையில் நின்றால் 'வாங்க சார், முகத்துவாரம் காட்டுறேன்' என்று யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். அவை மீன்பிடிப் படகுகள். வலை, மீன், நாலைந்து ஆள் என்று கணக்குப் பண்ணிக் கட்டியவை. பட்டுப்புடவையும் பிரியாணி டப்பாவுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து போட்டோ எடுப்பதற்கானவை அல்ல.

முகத்துவாரம் பார்க்க அமைதியாகத் தெரியும், அதுதான் ஆபத்து. நீர் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். எதிரே கடலலை வரும். இரண்டும் மோதுகிற இடத்தில் படகு தானாகத் திரும்பும். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று வேறு ஏறிவிடும். மீனவர்களுக்கு அந்த நேரம் அத்துப்படி, ஆனால் கூலி கொடுத்தவர் 'இன்னும் கொஞ்சம் போங்க' என்றால் சிலர் போய்விடுகிறார்கள்.

அதனால் நான் வைத்திருக்கும் முறை இதுதான். போவதற்கு முன் உள்ளூர் காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் விசாரிப்பேன். கூடாது என்றால் கூடாது, பேரம் கிடையாது. அனுமதி இருந்தால் காலை வேளையில், ஏரிக்குள் மட்டும், தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். அதைக் கையில் வைத்திருந்தால் பயனில்லை, மாட்டிக் கொக்கி போட்டபிறகுதான் படகு கிளம்ப வேண்டும். முகத்துவாரம் பக்கம் போகவே மாட்டேன். கூலி படகுக்கா, ஆளுக்கா என்பதையும் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படகு கட்டாயம் வேண்டும் என்றால் திசையை மாற்றுங்கள். முட்டுக்காடு படகுக் குழாம் 1984 முதல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துவது. மாமல்லபுரம் தாண்டி முதலியார்குப்பத்தில் இன்னொன்று இருக்கிறது, கூட்டம் குறைவு, எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு நாள் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், முதலியார்குப்பம் என்று ஈ.சி.ஆரிலேயே போய்வரலாம். படகு கிடைக்குமா என்ற கவலையோடு வடக்கே போவதைவிட அது நல்லது.

நன்றாக நீச்சல் தெரியும். எனக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டுமா? (அயனாவரம்)

வேண்டும்.

போன நவம்பரில் பூநாரை பார்க்கப் போய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் சும்மா கதையா சார்? (மேற்கு மாம்பலம்)

கதை இல்லை சார், நீங்கள் போன மாதம்தான் சரியில்லை. பூநாரை நின்றுகொண்டு மேய்கிற பறவை. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுச் சேற்றைச் சலித்துத் தின்னும். அதற்குத் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டும்போது ஏரி நிரம்பி நிற்கும். வந்த பறவைகூட ஆழம் குறைந்த ஓரம் தேடிப் போய்விடும். தை, மாசியில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரிய ஆரம்பித்தபின் போங்கள். மழை அதிகம் பெய்த வருடமென்றால் இன்னும் பத்து நாள் தள்ளிப் போடுங்கள்.

இடமும் முக்கியம். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை ஏரியின் நடுவே போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சாலையிலிருந்தே பார்க்கலாம், படகு எதுவும் வேண்டாம். வெயில் ஏறிவிட்டால் கானல் அலையடித்து எல்லாம் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், ஆகவே ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் அண்ணாமலைச்சேரியிலும் சில நாள் கிடைக்கும், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

நேரமிருந்தால் சூலூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டுக்கும் போய்வாருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுதாக நுழைத்து மீன் எடுப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அங்கிருந்து உங்களைக் கிளப்புவது எனக்குச் சிரமம்.

பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை இருக்கிறதாமே, குழந்தைகளுக்குக் காட்டலாமா? (ராயபுரம்)

கோட்டை என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். இருப்பது அகழியும் சீமைக்கருவேலம் மண்டிய மேடும்தான். ஆனால் அந்த மேட்டின் கதையைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூட வாய்பிளந்து கேட்பார்கள்.

போர்த்துகீசியர்கள் ஏற்கெனவே அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த இடத்தில் டச்சுக்காரர்கள் வந்து ஒரு பண்டகசாலை போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் போய் அதை அழித்தார்கள். அடுத்த வருடமே, 1613இல், டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். இங்கே நெய்த துணி கிழக்கே தீவுகளுக்குப் போனது, அதற்கு ஈடாக வாசனைப் பொருள் வந்தது. உள்ளே வெடிமருந்து ஆலையும் இருந்தது. ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கைடுகள் பலர் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

ராயபுரத்துக்காரர் என்பதால் இன்னொன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்ததால்தான் ஆங்கிலேயர்கள் 1626இல் ஏரியின் வடக்கு மூலையில், துர்க்கராயப்பட்டினத்தில் கடை விரித்தார்கள். அங்கே சரிப்படாமல் 1639இல் தெற்கே ஒரு மணல்மேட்டை வாங்கிக்கொண்டார்கள். அதுதான் சென்னப்பட்டணம்.

முழுசாக நிற்பது கல்லறைத் தோட்டம்தான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கும். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கற்பலகைகள், எழுத்து இன்னும் விரலுக்குத் தட்டுப்படும். ஒரு பலகையில் அந்தக் கோட்டையையே செதுக்கியிருக்கிறார்கள். இடிந்துபோன கோட்டை எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் அந்தக் கல் முன்னால் நிறுத்துங்கள். கல்லறை மேல் ஏறி உட்காரவிடாதீர்கள்.

அப்படியே மகிமை மாதா ஆலயத்தையும், சூரிய கடிகாரம் வைத்த பள்ளிவாசலையும் பார்க்கலாம். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போய், கேட்டுக்கொண்டு உள்ளே நுழையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம்.

கோயில் ஏதாவது உண்டா? நாங்கள் சைவம் வேறு. (மயிலாப்பூர்)

பழவேற்காட்டிலேயே ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்பூராங்கல்லில் கட்டியது. நம் பக்கக் கோயில்களில் அந்தக் கல் அபூர்வம். ராமாயணக் காட்சிகளை விரல் நீளத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள், கண்ணாடியை மறக்காதீர்கள். திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரர், பொன்னேரியில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் வழியிலேயே இருக்கிறார்கள். சித்திரையில் அந்த இருவரும் சந்திக்கும் திருவிழா விசேஷம். சாப்பாட்டைப் பொன்னேரியில் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது கட்டுச்சோறு.

நாங்கள் சைவம் இல்லை. மீன் எங்கே நன்றாகக் கிடைக்கும்? (அம்பத்தூர்)

பெரிய ஓட்டல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். சின்னச் சின்ன மெஸ்கள்தான். கொடுவா, மடவை, கிழங்கான், இறால் என்று அன்றைக்கு வந்ததுதான் குழம்பு. ஏரி நண்டு இருந்தால் விடாதீர்கள். பெரிய நண்டெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடும், நமக்குச் சின்னதுதான் மிஞ்சும், ருசிக்குக் குறைவில்லை. பதினொரு மணிக்கே சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டு மணிக்குப் போனால் ரசம் சோறுதான்.

வண்டி இல்லை. ரயில், பஸ்ஸில் முடியுமா? (பல்லாவரம்)

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ். சூலூர்பேட்டைக்கும் நேரடியாக ரயில் போகிறது. ஸ்டேஷனில் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் ரயிலில் செய்ய முடியாது.

சிறுவாபுரி முருகனையும் தடா அருவியையும் சேர்த்துக்கொள்ளலாமா? (ஆவடி)

சிறுவாபுரி வழியில்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கூட்டத்தில் மாட்டினால் மதியம்தான் வெளியே வருவீர்கள். தடா அருவி காட்டுக்குள் நடந்து போகிற இடம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ராக்கெட் ஏவுவதைப் பழவேற்காட்டிலிருந்து பார்க்க முடியுமாமே? (கோடம்பாக்கம்)

வானம் தெளிவாக இருந்தால் நன்றாகவே தெரியும். லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரை நல்ல இடம். ஏவுதளம் முப்பது கி.மீ.க்கு மேல் தள்ளி இருப்பதால் முதலில் வெளிச்சம் ஏறும், ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் உறுமல் வரும். அதற்குள் 'முடிந்தது' என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோவின் பார்வையாளர் மாடம் இருக்கிறது, இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

மீனவர்களைப் படம் எடுக்கலாமா? (அடையாறு)

கேட்டுவிட்டு எடுங்கள். முக்கியமாக இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில், பிடித்ததும் தலையைக் குனிந்து பறிக்குள் போடுவார்கள். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத நேரத்தில் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறோம். கரையேறும்வரை காத்திருந்து கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

கேமராவை வைத்துவிட்டுப் பாடு பற்றி விசாரித்துப் பாருங்கள். ஏரியில் எந்தக் குப்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. பெரியவர் யாராவது கிடைத்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் இறால் உள்ளே வராது, பாடு இருந்தும் வலை காலி என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கழிப்பறை வசதி எப்படி? (பெரம்பூர்)

மோசம். பொன்னேரியில் முடித்துக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்? (போரூர்)

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகள். மூடி போட்டது, சாயம் போட்டது, சாயமில்லாதது எல்லாம் கிடைக்கும். எனக்குச் சாயமில்லாதது பிடிக்கும், கொஞ்ச நாளில் தானே நிறம் ஏறும். பேரம் பேசாமல் வாங்குங்கள், ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே பேசத் தோன்றாது. கருவாடும் நன்றாக இருக்கும். காரில் வந்திருந்தால் இரண்டு உறை போட்டுக் கட்டி டிக்கியில் வையுங்கள். ரயிலில் வந்திருந்தால் கருவாட்டை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.