சிபியூ முழுக்க ஓடும்போது ஜிபியூ ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: பாயிங்கில் (நம் கணினியின் சும்மா இருக்கும் திறனை அறிவியல் திட்டங்களின் கணக்குகளுக்குத் தரும் மென்பொருள்) 16 த்ரெட்களிலும் (சிபியூ ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்) சிபியூ வேலை ஓடுகிறது. கூடவே கிராஃபிக்ஸ் கார்டில், அதாவது ஜிபியூவில், ஒரு வேலை. ஆனால் கார்டு அடிக்கடி சும்மா இருப்பதுபோல் தெரிகிறது. எதைக் குறைப்பது?

ஓடுகிற சிபியூ வேலைகளில் ஒன்றே ஒன்றை நிறுத்தி வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. ஒரு நாள் கார்டின் பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். ரம்பப் பல் மாதிரி ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. ரொசெட்டா என்ற புரத ஆய்வுத் திட்டத்தின் சிபியூ வேலை ஒன்றை சஸ்பெண்ட் செய்தேன். சில நொடிகளில் கோடு மேலே போய் மட்டமாக நின்றது. மறுபடி ஓட விட்டால் மறுபடி பல். நம்பிக்கை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

காரணம் எளிது. கார்டு தானாக எதையும் எடுத்துச் செய்யாது. அடுத்த கட்டத் தரவைத் தயார் செய்வது, கணக்கைக் கார்டுக்கு அனுப்புவது, வந்த விடையை வாங்குவது எல்லாம் சிபியூவின் வேலை. கொத்தனார் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டால் சுவர் எழும்பாது. 16 த்ரெட்டையும் நிரப்பும்போது நாம் அந்தச் சித்தாளைத்தான் பிடுங்கிவிடுகிறோம்.

பாயிங்கே இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று தோன்றும். அரைகுறையாகத்தான் பார்த்துக்கொள்ளும். ஜிபியூ வேலைக்குப் பக்கத்தில் '0.2 சிபியூ + 1 ஜிபியூ' என்று போட்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். அது திட்டக்காரர்கள் தரும் மதிப்பீடு. அந்த எண் 1-க்குக் கீழே இருந்தால் பாயிங்க் அதற்கென்று த்ரெட் எதையும் ஒதுக்காது. 16 சிபியூ வேலையையும் ஓட்டிவிட்டு, ஜிபியூ வேலையைப் பதினேழாவதாகச் சேர்த்துவிடும். ஆனால் என்விடியா கார்டில் ஓடும் ஓப்பன்சிஎல் (கார்டில் கணக்கு ஓட்டுவதற்கான ஒரு பொது நிரல்முறை) வேலைகள் பல, ஒரு த்ரெட்டை முழுசாகவே பிடித்துக்கொள்ளும். கார்டு முடித்துவிட்டதா, முடித்துவிட்டதா என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டமைப்பு அது.

உங்கள் கணினியில் எப்படி என்று தெரிந்துகொள்ள, முடிந்த வேலைகளின் பட்டியலில் ரன் டைம் (வேலை ஓடிய மொத்த நேரம்), சிபியூ டைம் (அதில் சிபியூ உண்மையில் உழைத்த நேரம்) இரண்டையும் ஒப்பிடுங்கள். ஜிபியூ வேலைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரு முழு த்ரெட் வேண்டும். சிபியூ வேலைகளில் ரன் டைம் மட்டும் நன்றாகக் கூடுதலாக இருந்தால் த்ரெட்டுக்கு அடிதடி நடக்கிறது என்று பொருள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

சரி, எப்படி மாற்றுவது? சுலபமான வழி, 'அதிகபட்சம் எத்தனை சதவீத சிபியூக்கள்' என்ற அமைப்பை 94 ஆக்குவது. 16-இல் 94 சதவீதம் என்றால் 15 த்ரெட். 8 த்ரெட் உள்ளவர்களுக்கு 88 சதவீதம், அதாவது 7. பக்கத்திலேயே 'சிபியூ நேரத்தில் எத்தனை சதவீதம்' என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது வேலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதற்கானது.

இன்னொரு வழி, அந்தத் திட்டத்தின் கோப்புறையில் ஆப் கான்ஃபிக் (app_config.xml) என்ற அமைப்புக் கோப்பு ஒன்றை வைத்து, ஜிபியூ வேலைக்கு சிபியூ பங்கு 1 என்று எழுதுவது. கார்டில் வேலை இல்லாதபோது அந்த த்ரெட் மற்ற வேலைக்குத் திரும்பிவிடும் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அந்த எண் பாயிங்க் போடும் கணக்குக்கு மட்டும்தான். அந்த வேலை உண்மையில் எடுத்துக்கொள்ளும் சிபியூ நேரத்தை அது கூட்டாது, குறைக்காது. இரண்டு வழியையும் சேர்த்துச் செய்தால் இரண்டு த்ரெட் காலியாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரதங்களை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம், பாயிங்க் இல்லாத தனி மென்பொருள் என்றாலும், கார்டுக்கு ஒரு த்ரெட் விட வேண்டும் என்பது அங்கேயும் அப்படியே.

ஒரு த்ரெட்டை விடுகிறோமே, அறிவியலுக்கு நஷ்டம்தானே என்று சிலருக்கு மனசு வராது. கார்டுக்கு ஏற்ற கணக்குகளில் அது ஒரு த்ரெட்டைவிடப் பல மடங்கு வேலை செய்யும். அதைக் காக்க வைப்பதுதான் நஷ்டம். அதே நேரம் ரொசெட்டா போல சிபியூவில் மட்டுமே ஓடும் திட்டங்களும் இருக்கின்றன, மீதி 15 த்ரெட்டை அவற்றுக்குக் கொடுங்கள். கார்டை ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற வானியல் திட்டத்துக்குக் கொடுக்கலாம். 2010-இல் இப்படித் தன்னார்வலர்களின் கணினிகள்தான் அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து ஒரு புதிய பல்சரை (வேகமாகச் சுழன்று துடிப்புபோல் அலைகளை அனுப்பும் விண்மீன்) கண்டுபிடித்துக் கொடுத்தன. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

அப்புறம், த்ரெட் விட்ட பிறகும் கோடு மட்டமாகவில்லை என்றால், கார்டில் நினைவகம் போதுமானதாக இருந்தால் அதே ஆப் கான்ஃபிக் கோப்பில் ஜிபியூ பங்கை 0.5 ஆக்கி இரண்டு வேலைகளை ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து முடிய, தனியாக ஓடியதைப்போல இரண்டு மடங்குக்கும் குறைவான நேரம் ஆனால் லாபம். இல்லையென்றால் பழையபடி ஒன்றுக்கே திரும்பிவிடுங்கள்.