அரசு மனநலச் சேவைகளில் தற்கொலைத் தடுப்பை வலுப்படுத்த முதலில் எதை மாற்ற வேண்டும்?

மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். என்னைக் கேட்டால், டிஸ்சார்ஜுக்கு மறுநாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

வார்டில் இருக்கும் வரை கண்காணிக்க ஆள் உண்டு. வீட்டுக்குப் போன முதல் ஒன்றிரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்று பிரிட்டனில் நடக்கும் தேசிய அளவிலான ஆய்வு பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. இங்கிலாந்தில் 72 மணி நேரத்துக்குள் நோயாளியைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் நடப்பதோ, மாத்திரையைக் கொடுத்து 'அடுத்த மாசம் ஓபிக்கு வாங்க' என்பதுதான்.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்களோடு ஒரு மணி நேரம் பேசினார்கள், பிறகு 18 மாதங்களில் 9 முறை தொடர்புகொண்டார்கள். அப்படிக் கவனித்தவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம்.

அடுத்தது பாதுகாப்புத் திட்டம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வடிவமைத்த சின்னத் தாள். மனம் சரியும்போது தெரியும் அறிகுறி, தானே செய்யக்கூடியது, கூப்பிடக்கூடிய ஆள், ஆபத்தான பொருட்களை எட்டாமல் வைப்பது எல்லாம் அதில் வரும். ஆனால் 'தனிமை உணர்வு' என்று நாமே நிரப்பினால் வேலைக்காகாது. 'ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, பழைய மெசேஜையே பார்த்துட்டு இருப்பேன்' என்று நோயாளி சொன்னால் அதையே எழுத வேண்டும். அக்காவைக் கூப்பிடுவேன் என்றால், 'அந்த நேரத்துல அக்கா போன் எடுப்பாங்களா?' என்று கேட்க வேண்டும். எடுக்க மாட்டார் என்றால் இன்னொரு பெயர் தேட வேண்டும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் ஊழியர்களிடமே இருக்கிறது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. (இதைப் படிக்கும் நீங்களே அந்த நிலையில் இருந்தால், யாராவது கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடமோ உதவி எண்ணிலோ இப்போதே சொல்லுங்கள்.)

மதிப்பெண் போட்டு 'லோ ரிஸ்க்' என்று அனுப்பும் படிவங்களை நான் நம்புவதில்லை. எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பே 2022 வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. ஆனாலும் படிவம் போகாது. ஒரு மரணம் நடந்தால் விசாரணையில் முதலில் கேட்பது 'டிக் அடிச்சிருக்கா?' என்பதுதான். அந்தக் கேள்வி மாறும்வரை, போன் பண்ண வேண்டிய நேரத்தில் நாங்கள் படிவம்தான் நிரப்பிக்கொண்டிருப்போம்.