பழைய ஸ்டான்லி இழைப்புளிக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

தாத்தாவின் ஸ்டான்லி கம்பெனி 4ஆம் நம்பர் இரும்பு இழைப்புளியில் பித்தளை நட்டு தொலைந்துவிட்டது, பின் கைப்பிடி உடைந்துவிட்டது, ஹார்டுவேர் கடையில் எந்த போல்ட்டும் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே வாங்குவது என்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேராத போல்ட்டைப் போட்டு முடுக்காதீர்கள். யாராவது "டேப் போட்டு ஓட்டையைப் பெரிசு பண்ணிடலாம்" (டேப் என்பது ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) என்றால், கருவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அப்பாவின் இழைப்புளிக்கு அதுதான் நடந்தது. பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடியை லீவர் கேப் என்பார்கள்; அதைப் பிடிக்கிற திருகு தொலைந்து போக, ஒரு பட்டறையில் 5/16 டேப் ஓட்டிக் கொடுத்துவிட்டார்கள். திருகு ஏறியது. ஆனால் லீவர் கேப்பில் சாவித்துவாரம் மாதிரி ஓர் ஓட்டை இருக்கிறதல்லவா, அதன் குறுகிய பக்கத்துக்குள் தடித்த தண்டு நுழையவில்லை. அங்கேயும் அரம் போட வேண்டியதாயிற்று. இனி எந்த நாட்டிலிருந்து அசல் திருகை வரவழைத்தாலும் அதற்கு அங்கே இடமில்லை. அப்பா அதற்கப்புறம் அந்த இழைப்புளியை அதிகம் எடுக்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடை போல்ட் ஏன் சேராது என்றால், ஸ்டான்லி போட்ட மரை அளவுகள் இன்று எந்தக் கடையிலும் இருப்பதில்லை. லீவர் கேப் திருகு 9/32 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 7.1. கால் இஞ்ச் போட்டால் லொடலொடவென்று ஆடும், 5/16 உள்ளேயே போகாது. 7 மி.மீ. போல்ட் எங்காவது கிடைத்தால் அதுதான் ஆபத்து: இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும், முடுக்கினால் மரை போய்விடும். கைப்பிடிகளைப் பிடிக்கும் கம்பி 12 நம்பர் என்ற அளவு, அங்குலத்துக்கு 20 மரை. விட்டம் சுமார் ஐந்தரை மி.மீ. 5 ஆடும், 6 நுழையாது. கால் இஞ்ச் போல்ட்டிலும் அதே 20 மரைதான் என்பதால், இந்த ஓட்டைகளைக் கால் இஞ்ச் ஆக்கிவிடும் ஆசை பட்டறைக்காரர்களுக்குச் சட்டென்று வரும்.

உங்கள் பித்தளை நட்டு விஷயம் இன்னும் ஒரு படி மேலே. அது இடது மரை. நட்டை வலப்பக்கம் திருப்பினால் அது நம்மை நோக்கிப் பின்னால் வரும். அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் கவை சாய்ந்து பிளேடை முன்னே தள்ளும். வலப்பக்கம் திருப்பினால் வெட்டு ஆழமாக வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அளவு அதே 9/32, 24தான். 1920 வாக்கில் நட்டின் தலை 1 அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலமாகப் பெரிதானது, மரை மாறவில்லை. அதனால் இரண்டில் எது கிடைத்தாலும் போடலாம்.

இனி எங்கே தேடுவது. என் அனுபவத்தில் மிகச் சிறந்த உதிரிபாகக் கடை இன்னொரு செத்த இழைப்புளிதான். அடி விரிசல் விட்டது, கீழே விழுந்து பக்கவாட்டு உடைந்தது, இதையெல்லாம் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அதன் நட்டு, கவை, திருகுகள், லீவர் கேப் எல்லாம் நன்றாகவே இருக்கும். கோவை உக்கடத்தில் இரண்டு மூன்று ஞாயிறு அலைந்து நான் அப்படி ஒன்றை எடுத்தேன். உங்கள் ஊரில் வயதான ஆசாரிகள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பரணில் ஒன்று கிடக்கும். வாங்கும்போது உங்களுடையதையும் கையோடு எடுத்துப் போங்கள். பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்புத் துண்டை ஃபிராக் என்பார்கள். அதை மாற்றும்போது மட்டும் கவனம் வேண்டும்: 1902 காப்புரிமையோடு அது உட்காரும் பரப்பே மாறிவிட்டது, முந்தையது பிந்தையதில் சரியாக உட்காராது. ஃபிராக்கைக் கழற்றினால் அதன் பின்பக்கம், அடிவார்ப்பின் மேற்பரப்பில் 'மார்ச் 25, 1902' போன்ற தேதிகள் வார்ப்பிலேயே தெரியலாம். பின்னால் ஃபிராக்கை முன்பின் நகர்த்த ஒரு சிறு திருகு இருந்தால் 1907க்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். ஈபேயில் தனிப் பாகமாகவும் விற்கிறார்கள். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஒரு நட்டு வரவழைத்தால் தபால் செலவு நட்டின் விலையைத் தாண்டிவிடும்.

கிடைக்கவே இல்லையென்றால் லேத். அங்குலக் கணக்கில் மரை வெட்டும் நீளத் திருகு (லீட் ஸ்க்ரூ) உள்ள பழைய லேத் வைத்திருப்பவராகப் பாருங்கள், 24 மரை வெட்டுவது அவருக்குச் சுலபம். எனக்குச் செய்து கொடுத்த அண்ணன் முதலில் மரையை எண்ணும் பிட்ச் கேஜை எடுத்து, நட்டு ஏறும் கம்பியான ஸ்டட்டின் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இருபத்திநாலு. ஆனா லெஃப்ட்டுல்ல தம்பி இது" என்றார். இவ்வளவு சின்ன ஓட்டைக்குள் டூல் விட்டு மரை வெட்ட முடியாது என்று, சில்வர் ஸ்டீல் என்ற கடினப்படுத்தக்கூடிய எஃகுக் கம்பியில் இடது மரை வெட்டி, அரத்தால் மூன்று பள்ளம் எடுத்து, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, ஒரு டேப்பையே செய்தார். பித்தளைதானே, வெண்ணெய் மாதிரி இறங்கியது. அந்த டேப் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

பிளேடுக்குக் கவலைப்பட வேண்டாம். 4ஆம் நம்பருக்கு 2 அங்குல அகலம். ஜலந்தரின் அனந்த் கம்பெனி 4ஆம் நம்பர் பிளேடும் அதே அகலம்தான். ரொம்பத் தடித்த பிளேடு மட்டும் வேண்டாம், கவையின் நுனி, பிளேடின் மேல் பூட்டியிருக்கும் தகட்டின் துளைக்கு எட்டாமல் போகலாம்.

கைப்பிடியைக் கடையில் தேடாதீர்கள், செய்துகொள்ளுங்கள். பழைய ஸ்டான்லிகளில் போட்டது பிரேசில் ரோஸ்வுட். நம் ஈட்டி மரம் (தோதகத்தி என்பதும் இதுதான்) அதற்குச் சொந்தக்கார மரம்தான். பழைய கட்டில் காலோ உடைந்த நாற்காலியோ போதும். மரத்தின் ரேகை இழைப்புளியின் அடிக்கு இணையாகப் படுத்திருக்கட்டும். செங்குத்தாக எடுத்தால் கொம்பு மாதிரி வளைந்த மேல்பகுதி முதல் தட்டிலேயே உடையும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒட்டிப் பிடித்து, அட்டையில் வரைந்துகொண்டு, அதே சாய்வில் துளை போடுங்கள். நட்டை முழுக்க முடுக்கிய பிறகும் கைப்பிடி ஆடினால் கம்பி நீளமாக இருக்கிறது என்று அர்த்தம், நுனியில் ஒரு மி.மீ. அரம் போட்டால் இறுகும். மரம் காய்ந்து சுருங்குகிற கோடையில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.